அண்ணனுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 48. பத்து வருடமாகவே கை நடுங்கும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். மூன்று வருடமாக மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்படுகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. முதலில் பார்த்த இடத்தில் ஏ.எல்.எஸ். என்ற கொடிய நரம்பு நோய் என்று சொல்லி, மூன்று நான்கு வருடம்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். பல ஜீன்களை ஒரேயடியாகப் படிக்கும் எக்ஸோம் சோதனை செய்தோம், அதில் ஒன்றும் வரவில்லை. வேறொரு நரம்பியல் மருத்துவர் அண்ணனின் மார்பு பெருத்திருப்பதைக் கவனித்து, ஏ.ஆர். என்ற, ஆண் ஹார்மோன் ரிசெப்டருக்கான ஜீனுக்குத் தனிச் சோதனை எழுதினார். சி.ஏ.ஜி. எண்ணிக்கை 46, கென்னடி நோய் என்று வந்திருக்கிறது. ஆண் ஹார்மோன் ரிசெப்டரின் அமைப்பில் கோளாறு என்றார். அப்படியானால் ஹார்மோனைக் கூட்டினால் சரியாகாதா? ஜிம் நடத்தும் உறவினர் ஒருவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார். எங்கள் தாய்மாமனும் கடைசிக் காலத்தில் நடக்க முடியாமல்தான் இருந்தார். எனக்கு 41 வயது. அக்காவுக்கு இரண்டு மகன்கள். அண்ணன் மகளை அக்காவின் மூத்த மகனுக்குக் கொடுப்பதாக வீட்டில் பேச்சு இருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஊசி வேண்டாம். ஏற்கெனவே ஒன்று போட்டாயிற்று என்றால், அடுத்ததற்குப் போகாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரிசெப்டரில், அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில், கோளாறு என்றதும் ஹார்மோன் போதவில்லை, கூடக் கொடுத்து ஈடுகட்டலாம் என்று தோன்றுவது இயல்புதான். தைராய்டு குறைந்தால் மாத்திரை, இன்சுலின் குறைந்தால் ஊசி என்று நமக்குப் பழகிய கணக்கு அது. கென்னடி நோய் இயக்க நரம்புகளும் தசைகளும் மெதுவாக நலியும் மரபு நோய், அதில் அந்தக் கணக்கு செல்லாது. உங்கள் அண்ணனின் நரம்பையும் தசையையும் கெடுப்பது, ஹார்மோன் வந்து ஒட்டிய பிறகு அந்த ரிசெப்டர் எடுக்கும் வடிவமும் அது போய்ச் சேரும் இடமும்தான்.

இது விளங்க அந்தப் புரதத்தின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ரிசெப்டர் சுமார் 920 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. அதற்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சங்கிலியின் வால் பக்கம், ஏறத்தாழ கடைசி 250 அமினோ அமிலங்கள், ஹார்மோன் உட்காரும் பகுதி. அதன் படிக அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. சுருள் சுருளாக அடுக்கிய ஆல்ஃபா சுருள்களுக்கு நடுவே ஒரு குழி இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனோ, அதைவிட இறுக்கமாக ஒட்டும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனோ அந்தக் குழிக்குள் போனதும், அர்ஜினைன் 752 அதன் ஒரு முனையைப் பிடிக்கிறது. அஸ்பரஜின் 705, த்ரியோனின் 877 இரண்டும் மறுமுனையைப் பிடிக்கின்றன. உடனே 12ஆம் சுருள் மடிந்து குழியை மூடுகிறது. மூடியதால் வெளிப்பரப்பில் ஒரு பள்ளம் புதிதாக உருவாகிறது. இந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழிக்கு முன்னால் வளைந்துகொடுக்கும் ஒரு சிறு இணைப்பு. செல்லின் உட்கருவுக்குள் நுழைவதற்கான அடையாள வரிசை இந்த இணைப்பை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கும் முன்னால் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி. அதில் இரண்டு துத்தநாக விரல்கள் உண்டு. ஒவ்வொரு விரலிலும் நான்கு சிஸ்டீன்கள் சேர்ந்து ஒரு துத்தநாக அணுவை இறுக்கிப் பிடித்திருக்கும்.

மிச்சமிருக்கும் தலைப்பக்கம்தான் மிக நீளமானது. மொத்தச் சங்கிலியில் பாதிக்கும் மேல் அதுதான். அதற்கு நிலையான வடிவம் கிடையாது. பிரிந்து கிடக்கும் நூல்கண்டு போல அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே முழு ரிசெப்டரையும் படிகமாக்கிப் பார்க்க முடிந்ததில்லை. உங்கள் அண்ணனின் கோளாறு இருப்பதும் இந்தத் தலைப்பக்கத்தில்தான். அங்கே 58ஆவது அமினோ அமிலம் வாக்கில் தொடங்கி, குளூட்டமின் என்ற ஒரே அமினோ அமிலம் அடுத்தடுத்து வரிசையாக வருகிறது. ஜீனில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து எத்தனை முறை திரும்ப வருகிறதோ அத்தனை குளூட்டமின். பெரும்பாலோருக்கு இருபதை ஒட்டி இருக்கும். 34 வரை இயல்பு. 36, 37 வந்தால் சிலருக்கு நோய் வரும், சிலருக்கு வராமலே போகும். 38ஓ அதற்கு மேலோ என்றால் கென்னடி நோய். (இந்தத் தொடரின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் ரிசெப்டரின் நீளத்தை ஒரு நூலில் 919 என்றும் இன்னொன்றில் 920 என்றும் பார்ப்பீர்கள். நான் மேலே கொடுத்த 705, 752, 877 என்ற எண்களும் சில கட்டுரைகளில் ஒன்று கூடியிருக்கும். இடம் அதேதான்.)

குளூட்டமினின் பக்கக்கிளை ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். ஆகவே ஒரு குளூட்டமின் தொடர் தனக்குள்ளேயும் பிணைத்துக்கொள்ளும், பக்கத்துச் சங்கிலியோடும் ஒட்டிக்கொள்ளும். ஆண்ட்ரோஜன் ரிசெப்டரில் இந்தத் தொடர் சுருள் வடிவம் எடுக்கிறது, பக்கக்கிளைகள் சங்கிலியின் முதுகோடு போடும் பிணைப்புகள்தான் அந்தச் சுருளைத் தாங்குகின்றன என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். தொடர் அளவுக்கு மீறி நீண்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகின்றன. புரதம் நடுவில் வெட்டுப்பட்டு, குளூட்டமின் தொடர் இருக்கும் தலைத்துண்டு தனியாகக் கழன்றால் இன்னும் மோசம். கென்னடி நோயாளிகளின் நரம்பு செல்களில், உட்கருவுக்குள்ளே காணப்படும் திரட்டுகளில் இருப்பது அந்தத் தலைத்துண்டுதான்.

ஹார்மோன் வருவதற்கு முன் ரிசெப்டர் உட்கருவுக்கு வெளியே, எச்.எஸ்.பி. 90, எச்.எஸ்.பி. 70 என்ற காவல் புரதங்களின் பிடியில் இருக்கிறது. ஹார்மோன் குழிக்குள் உட்கார்ந்ததும் பிடி தளர்கிறது, உட்கருவுக்கான அடையாளம் வெளிப்படுகிறது, ரிசெப்டர் உள்ளே போகிறது. தலைப்பக்கத்தில் 23 முதல் 27 வரை உள்ள ஐந்து அமினோ அமிலங்கள் வளைந்து வந்து, நான் சொன்ன அந்தப் பள்ளத்தில் பொருந்துகின்றன. தலையும் வாலும் இப்படிக் கோத்துக்கொண்ட பிறகே ரிசெப்டர் நிலைபெற்று வேலை செய்கிறது. குளூட்டமின் தொடர் சரியான நீளத்தில் இருந்தால் இது முழுக்க நல்ல காரியம். 46 இருந்தால், நஞ்சு உருவாவதற்கு இதே படிகள்தான் வழி. தலை வால் கோப்பைத் தடுத்தாலோ, ரிசெப்டரை உட்கருவுக்கு வெளியே நிறுத்திவைத்தாலோ நச்சுத்தன்மை குறைவதைச் செல்களிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு பலமான சான்றுகள் உண்டு. ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் பிறவியிலேயே அறவே வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாலின வளர்ச்சியில் மாற்றம் உண்டு, ஆனால் தசையை இயக்கும் நரம்பு செல்கள் சாகும் மோட்டார் நியூரான் நோய் வருவதில்லை. ஆகவே ரிசெப்டர் வேலை செய்யாததால் நரம்பு சாகவில்லை என்பது உறுதி. அடுத்து, நகோயா பல்கலைக்கழகத்தில் கட்சுனோ, சோபுவே குழுவினர் 97 குளூட்டமின் கொண்ட மனித ரிசெப்டரை எலிகளுக்குள் வைத்து 2002இல் வெளியிட்ட ஆய்வு. ஆண் எலிகள் நலிந்தன, பெண் எலிகளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. விரை நீக்கிய ஆண் எலிகள் தேறின. பெண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டதும் அவையும் நலிந்தன. உங்கள் உறவினர் சொல்லும் ஊசி அந்தப் பெண் எலிகளுக்குப் போட்ட அதே பொருள்.

அண்ணனின் மார்புப் பெருக்கத்துக்கு ஹார்மோன் குறைவு காரணம் இல்லையா என்று கேட்பீர்கள். நீண்ட தொடர் உள்ள ரிசெப்டர் தன் அன்றாட வேலையையும் சற்று மந்தமாகத்தான் செய்கிறது. மார்பு பெருப்பதும், விரை சிறுப்பதும், சிலருக்குக் குழந்தைப்பேறு தள்ளிப்போவதும் அதனால்தான். இரத்தத்தில் அளந்தால் டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவோ கூடுதலாகவோகூட இருக்கும். அளவு உண்மையிலேயே குறைவாக இருந்தால், அதை என்ன செய்வது என்பதை நரம்பியல் மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். ஜிம்மில் கிடைக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு, டி.எச்.ஈ.ஏ. மாத்திரை, டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் என்று டப்பாவில் விற்கும் பொடி, உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத ஆண்மை லேகியம் எதுவும் கூடாது. கிளென்புட்டரால் என்ற ஆஸ்துமா மருந்து பற்றி இத்தாலியில் 2013இல் சிறிய ஆய்வொன்று நம்பிக்கை தந்தது உண்மைதான். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு அதில் இல்லை. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மருந்தாதலால் கடையில் வாங்கித் தானாகப் போட்டுக்கொள்ளவே கூடாது.

அப்படியானால் ஹார்மோனைக் குறைத்தால் நோய் நிற்குமா? நியாயமான கேள்வி, மருத்துவ உலகமும் அதைத்தான் கேட்டது. ஜப்பானில் லூப்ரோரெலின் என்ற மருந்தைச் சோதித்தார்கள். மூளையிலிருந்து விரைக்குப் போகும் கட்டளையை நிறுத்தி டெஸ்டோஸ்டிரோனைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிடும் மருந்து அது. 2010இல் வெளியான 204 பேர் ஆய்வில், 48 வாரத்துக்குப் பிறகு விழுங்கும் திறனில் ஒட்டுமொத்தமாகத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நோய் தொடங்கிப் பத்து வருடத்துக்குள் இருந்தவர்களுக்குப் பயன் இருக்கலாம் என்று தோன்றியது. தொடர்ந்து வந்த தரவுகளையும் வைத்து ஜப்பான் 2017இல் அதை இந்த நோய்க்கு அனுமதித்தது: 11.25 மில்லிகிராம், 12 வாரத்துக்கு ஒருமுறை, தோலுக்கடியில். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் 50 பேருக்கு இரண்டு வருடம் டூடாஸ்டெரைடு கொடுத்துப் பார்த்தது, டெஸ்டோஸ்டிரோன் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுவதைத் தடுக்கும் மருந்து அது. 2011இல் வந்த முடிவில் தசை வலுவில் பயன் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், லூப்ரோரெலின் முழுக்க ஒதுக்க வேண்டியதல்ல, கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியதும் அல்ல. தாம்பத்திய ஆசையும் திறனும் போகும், எலும்பு தேயும், உடம்பு திகுதிகுவென்று சூடாகும், எடையும் சர்க்கரையும் ஏறும், மனம் சோர்ந்துபோகலாம். டெஸ்டோஸ்டிரோன் தசையைக் காப்பாற்றும் ஹார்மோனும்கூட, அதை அடியோடு எடுத்தால் அந்த நன்மையும் போகும். தொடங்கிய முதல் ஓரிரு வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறையாமல் சற்று ஏறும் என்பதையும் மருத்துவர் கணக்கில் வைக்க வேண்டும். அண்ணனுக்குக் கை நடுக்கம் தொடங்கி பத்து வருடம் என்கிறீர்கள், கால் வலு குறையத் தொடங்கி மூன்று வருடம். எதிலிருந்து எண்ணுவது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். இதை அண்ணனும் அண்ணியும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கட்டும். கோளாறான ரிசெப்டரைச் செல் விரைந்து அழிக்கும்படி தூண்டும் மருந்து ஆரம்பக்கட்ட மனிதச் சோதனை வரை வந்திருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் வந்த எலி ஆய்வுகள் இன்னொரு வழியையும் காட்டின: தசையில் மட்டும் இந்த ரிசெப்டரை அடக்கியபோதே எலிகள் வெகுவாகத் தேறின. முதுகுத்தண்டுக்குள் மருந்தைச் செலுத்தாமல் தசை வழியாகவே சிகிச்சை செய்ய முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

ஏ.எல்.எஸ். என்று சொன்னவர்களால் உங்கள் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. இந்தத் தவறு உலகெங்கும் நடக்கிறது, அதனால் வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்கிறேன். ஏ.எல்.எஸ்.ஸில் முழங்காலில் தட்டினால் கால் அளவுக்கு மீறி உதறும், கென்னடியில் அசைவே இருக்காது அல்லது மிகக் குறைவு. ஏ.எல்.எஸ்.ஸில் உணர்வு நரம்புகள் இயல்பாக இருக்கும், கென்னடியில் நரம்பு கடத்தல் சோதனையில் உணர்வு அலைகள் சிறுத்திருக்கும். தாடையிலும் வாயைச் சுற்றியும் தோலுக்கடியில் தசை துடிப்பது, குறிப்பாக உதட்டைக் குவிக்கும்போது துடிப்பது, கென்னடியில் அதிகம் காணப்படுவது. மார்புப் பெருக்கம், தாய்வழி ஆண்களில் இதே நோய், வருடக்கணக்கில் மெதுவாக முற்றுவது ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானில் கவாஹரா என்ற மருத்துவர் 1897இலேயே அண்ணன் தம்பி இருவருக்கும் அவர்களுடைய தாய்மாமனுக்கும் வந்த இத்தகைய நோயை எழுதிவைத்திருக்கிறார். உங்கள் குடும்பப் படமும் அதேதான். அமெரிக்க மருத்துவர் வில்லியம் கென்னடியும் உடன் உழைத்தவர்களும் 1968இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஜீனில் என்ன கோளாறு என்பதை 1991இல் லா ஸ்பாடா, ஃபிஷ்பெக் குழு கண்டுபிடித்தது. ஹன்டிங்டன் நோய் உட்பட ஒன்பது நோய்கள் இப்படிக் குளூட்டமின் தொடர் நீள்வதால் வருகின்றன. அவற்றில் முதலில் பிடிபட்டது இதுதான்.

எக்ஸோம் சோதனையில் ஏன் வரவில்லை என்றால், வழக்கமான எக்ஸோம் சோதனை டி.என்.ஏ.வைக் குட்டிக் குட்டித் துண்டுகளாகப் படிக்கிறது. ஒரே மூன்றெழுத்து நாற்பது ஐம்பது முறை திரும்ப வந்தால், அதை எண்ணிச் சொல்ல அந்த முறையால் பெரும்பாலும் முடியாது. அதற்கு பி.சி.ஆர். என்ற முறையில் அந்த டி.என்.ஏ. துண்டைப் பெருக்கி அதன் நீளத்தை அளக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்குச் சோதனை எழுதினாலும் "ஏ.ஆர். ஜீன், சி.ஏ.ஜி. எண்ணிக்கை, துண்டு நீள அளவீடு" என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

46 என்ற எண்ணை வைத்து அண்ணனின் ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள். எண் கூடினால் நோய் முன்கூட்டியே தொடங்கும் என்பது சரி. தொடங்கிய பின் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதற்கும் எண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. 2006இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 223 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். சராசரியாகக் கை நடுக்கம் 33 வயதில், படியேறக் கைப்பிடி 49இல், விழுங்கச் சிரமம் 54இல், கைத்தடி 59இல், சக்கர நாற்காலி 61இல். மூன்று நான்கு வருடம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். அந்த ஆய்வில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தது நிமோனியா, அதாவது புரையேறி நுரையீரலுக்குள் போவதன் விளைவு. அதனால்தான் நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது தண்ணீர் புரையேறுகிறது என்ற வரி.

பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் ஒருவரை இந்த மாதமே பாருங்கள். பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுத்தால் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று தெரியும். அதுவரை, நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அண்ணாந்து சொம்பை உயர்த்தி ஊற்றிக் குடிக்கும் பழக்கத்தை இன்றே விட வேண்டும். தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழல் வாய் திறந்து கிடக்கும். தம்ளரில் சிறு சிறு மிடறாக, தாடையை லேசாக மார்பை நோக்கி இறக்கிக் குடிக்கட்டும். தண்ணீர், மோர், காபி போல் நீர்த்தவைதான் முதலில் புரையேறும். கெட்டியான கேழ்வரகுக் கூழ், குழைந்த பொங்கல், சாம்பாரில் ஊறிய இட்லி சுலபம். ரசம் சாதம் மென்மையானதுதானே என்று நினைப்போம். அதில் நீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடும், பருக்கை பின்தங்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வலுவிழந்த தொண்டையால் ஆகாது. பொரி, வறுத்த கடலை, உதிரி அவல் வேண்டாம். சாப்பிடும்போது தொலைக்காட்சியும் பேச்சும் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவும் வேண்டாம். ராத்திரி பல் துலக்குவது கட்டாயம். வாயில் கிருமி குறைந்தால் புரையேறினாலும் நிமோனியா வாய்ப்பு குறையும். சாப்பாட்டுக்குப் பின் குரல் நீர் கோத்ததுபோல் ஒலிப்பது, அடிக்கடி காய்ச்சல், எடை குறைவு ஆகியவை தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

சிலருக்குத் திடீரென்று தொண்டை இறுகி மூச்சு நின்றுவிட்டது போலாகும். குரல்வளை சுருங்குவதால் வருவது, பெரும்பாலும் சில நொடிகளில் தானாக விடும். அப்போது முன்னால் குனிந்து, மூக்கு வழியாக மெதுவாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் அதற்கு மருந்து எடுத்தால் இது குறையும்.

சி.கே. என்ற தசை நொதி இந்த நோயில் கூடியிருக்கும், ஆயிரத்தைத் தொடுவதும் உண்டு. தசை கசியும்போது கல்லீரல் சோதனையில் வரும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் சேர்ந்து ஏறும். அதை மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லியும் பத்தியமும் தொடங்கிவிடாதீர்கள், ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி இயல்பாக இருந்தால் ஏற்றம் தசையிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கொழுப்புக் கல்லீரலும் இன்சுலின் எதிர்ப்பும் இந்த நோயோடு சேர்ந்தே வருவதால் வருடம் ஒருமுறை ஸ்கேனும், சர்க்கரை, கொழுப்புச் சோதனையும் வேண்டும். கொழுப்புக்கு ஸ்டேட்டின் தொடங்கினால், அதற்கு முன் ஒரு சி.கே. அளவு எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் பிறகு ஏறியது மருந்தாலா நோயாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இதயத் துடிப்புக் கோளாறு காட்டும் ஈ.சி.ஜி. மாற்றம் சிலரிடம் பதிவாகியிருப்பதால் ஈ.சி.ஜி.யும் வருடத்துக்கு ஒன்று. மூச்சுத் திறன் சோதனையை உட்கார்ந்தும் படுத்தும் இருவிதமாகச் செய்யச் சொல்லுங்கள்.

நடையும் அளவான பயிற்சியும் நல்லது. இன்றைய பயிற்சியின் களைப்பு மறுநாளும் நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். முழங்கால் சட்டென்று மடங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து. கழிப்பறையில் உயரமான இருக்கை, இருபுறமும் கைப்பிடி, படியில் இருபக்கமும் கம்பி, இவற்றை இப்போதே செய்யுங்கள். குளிரில் கை இன்னும் விறைக்கும். மார்பில் ஒரு பக்கம் மட்டும் கட்டியாகத் தட்டுப்பட்டால் காட்டிவிட வேண்டும். மார்பைச் சரிசெய்யவோ வேறு எதற்கோ அறுவை சிகிச்சை என்றால், மயக்க மருந்து மருத்துவரிடம் "கென்னடி நோய், மோட்டார் நியூரான் பாதிப்பு" என்று எழுதியே கொடுங்கள். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைத் தவிர்ப்பது பாதுகாப்பு, பொட்டாசியம் ஆபத்தாக ஏறிவிடலாம். முன்பு ஏ.எல்.எஸ். என்று ரிலுசோல் எழுதியிருந்தால், இனி அது தேவையா என்று கேளுங்கள். கென்னடியில் அது பயன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இனிக் குடும்ப விஷயம். அண்ணனுக்கும் தாய்மாமனுக்கும் பொதுவான வழி உங்கள் அம்மாதான். அம்மாவின் இரண்டு எக்ஸில் ஒன்றில் நீண்ட தொடர் இருந்திருக்கும். ஆகவே பிறக்கும்போது உங்களுக்கு இருந்த வாய்ப்பு பாதிக்குப் பாதி. 41 வயதில் நடுக்கம், தசைப்பிடிப்பு எதுவும் இல்லை என்றால் அது சற்றுக் குறையும், ஆனால் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சோதனை செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். செய்வதானால் மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். சி.கே. கூடியிருந்து காரணம் தெரியாமல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அக்காவுக்கும் பாதிக்குப் பாதி, அவருடைய மகன்கள் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒன்று. இங்கே முதலில் அக்காதான் சோதனை செய்துகொள்வது நல்லது. பெண்ணின் அறிக்கையில் இரண்டு எண்கள் வரும். இரண்டும் இயல்பாக இருந்தால் மகன்கள் இருவரும் தப்பினார்கள், அவர்களுக்குச் சோதனையே வேண்டாம். ஒன்று நீண்டிருந்தால், மகன்கள் 18 வயது கடந்த பின் தாங்களே முடிவு செய்யட்டும். அக்காவுக்கே நீண்ட தொடர் இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. பெண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்பதால் ரிசெப்டர் பெரும்பாலும் உட்கருவுக்குள் போகாமலே கிடக்கிறது. தசைப்பிடிப்பு, லேசான நடுக்கம், சற்றே கூடிய சி.கே. அளவோடு நின்றுவிடும்.

அண்ணன் மகள் விஷயத்தில் சோதனை செய்யாமலே விடை தெரியும். அப்பாவிடம் இருப்பது ஒரே எக்ஸ். அதை எல்லா மகள்களுக்கும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே அந்தப் பெண்ணிடம் நீண்ட தொடர் உண்டு. அண்ணனுக்கு மகன் இருந்தால் அவனுக்கு இது போகாது, அப்பா அவனுக்குக் கொடுப்பது ஒய்.

அந்தப் பெண் யாரைக் கட்டினாலும் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அத்தை மகனைக் கட்டுவதால் அது கூடுவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அத்தை மகனிடமும் நீண்ட தொடர் இருந்துவிட்டால், பிறக்கும் மகள்கள் எல்லோருக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று வரும், அதில் பாதிப் பேருக்கு அம்மாவிடமிருந்தும் வந்து இரண்டு எக்ஸிலும் இருக்கும். அப்படி இரண்டிலும் இருந்த பெண்களுக்கும் பிடிப்பும் நடுக்கமும் தவிரப் பெரிதாக வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று மருத்துவம் சொல்லாது. ஆனால் பெண்ணுக்கும் பையனுக்கும் எல்லாம் தெரிந்த பிறகு, அவர்கள் இருவரும் விரும்பி முடிவெடுக்க வேண்டும். உறவுக்காரர்கள் அந்தப் பெண்ணைக் குறை சொல்லும்படி இந்தச் செய்தி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அவள் கொண்டுவந்த குறையல்ல.

குழந்தை பெறும்போது, கருவைப் பதிப்பதற்கு முன் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. கருவிலிருக்கும்போது சோதிப்பதையும், இது போல எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் மரபு நோய்களுக்கு, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் இந்தியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது, பதிவுபெற்ற மையத்தில், எழுத்துமூலம் சம்மதம் பெற்று மட்டும். வெறுமனே ஆணா பெண்ணா என்று பார்ப்பது குற்றம். நடுவயதில் மெதுவாக வரும் நோய்க்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை அந்தத் தம்பதிதான் தீர்மானிக்க வேண்டும். பேச்சை நிச்சயதார்த்தத்துக்கு முன், அக்காவின் சோதனை முடிவு கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது அண்ணனின் ஏ.ஆர். அறிக்கையின் நகலையும், தாத்தா பாட்டி முதல் யாருக்கு எந்த வயதில் என்ன தொந்தரவு என்று எழுதிய குடும்ப வரைபடத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.